பயப்பட வேண்டிய மாத்திரை எது?

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் காலை வேளையில் இடுப்பில் கை வைத்தபடி நடக்கும் நம்மவர்கள் பலரைக் காணலாம். தருமபுரியிலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர் அங்குதான் எனக்குப் பழக்கம்.

"மெடிக்கல் ஷாப்பில் ஒரு டைக்ளோபினாக் வாங்கிப் போட்டால் வேலைக்குப் போய்விடலாம் சார்" என்றார். இரண்டு வருஷமாக இப்படித்தானாம்!

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. ரயில் போன பிறகும் ஓயாமல் அடிக்கும் கேட் மணி போல, காயம் ஆறினாலும் நரம்புகள் சேதி அனுப்பிக்கொண்டே இருப்பதுண்டு. தினமும் விழுங்கும் வலி மாத்திரையோ வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

பெல்ட் வேண்டாம்

நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் யோசனைகள் வெளியிட்டது. உடற்பயிற்சி, பிசியோதெரபி, மனப்பயிற்சி ஆகியவற்றோடு, தேவைப்பட்டால் வலி மாத்திரையும் உண்டு. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வழக்கமாக வேண்டாம் என்கிறது. (கவுண்டரில் உட்கார்ந்தே தேய்ந்த என் இடுப்புக்கு வாங்கிய பெல்ட் இப்போது ஆணியில் தொங்குகிறது.)

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அலமாரியில் மார்பின்

மேஸ்திரியின் தாயாருக்குப் புற்றுநோய். டாக்டர் எழுதிய மார்பின் மாத்திரையை இவர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். "போதை மருந்து, பழகிவிடும் சார்!" கிழவியோ இரவெல்லாம் முனகுகிறாள்.

சாதாரண இடுப்பு வலிக்கு மார்பின் கூடாதுதான். ஆனால் புற்றுநோயின் கடும் வலிக்கு, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள். மார்பின் எளிதில் கிடைப்பதற்காகவே 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் உள்ள கருணாஶ்ரயா, முற்றிய புற்றுநோயாளிகளை 1999 முதல் இலவசமாகப் பராமரிக்கிறது. வீட்டுக்கும் வந்து பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் மேஸ்திரி வெகுநேரம் பேசவில்லை. மறுநாள், "அம்மா ராத்திரி தூங்கினாங்க சார்" என்றார்.

அவருடைய சிறுநீரகப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நான் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.