தோப்பில் எவ்வளவு மரம் இருக்கிறது? விவசாயிகளுக்கு உதவும் வன அளவீட்டு முறைகள்

தேக்குத் தோப்பு வைத்திருக்கும் விவசாயியிடம் எத்தனை மரம் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். எவ்வளவு மரம் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நெல்லை மூட்டைக் கணக்கிலும் பருத்தியை குவிண்டால் கணக்கிலும் விற்கும் நாம், பதினைந்து இருபது வருடம் வளர்த்த மரத்தை மட்டும் வியாபாரி தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லும் மொத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். வியாபாரிக்குக் கண் அளவு பழகியிருக்கிறது. நம் கையில் கணக்கு இல்லை. நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

காடுகளைப் பராமரிக்கும் வன ஆராய்ச்சியாளர்களுக்கு மரத்தை அளப்பதுதான் முதல் வேலை. அவர்கள் பயன்படுத்தும் முறைகளில் பலவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் அளவு நாடா, கொஞ்சம் பெயின்ட், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அரை ஏக்கர் தோப்புக்கும் இவை பொருந்தும்.

அளவு எப்படி வந்தது?

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மலபார் மாவட்டத்தின் நிலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் போடப்பட்டது. மாவட்ட ஆட்சியர் கனோலி முயற்சி எடுக்க, சாத்து மேனன் என்ற அலுவலர் நடவை நடத்தினார். இயற்கைக் காட்டில் தேக்கு வெட்டி வெட்டிக் குறைந்துபோனதால்தான் நட்டு வளர்க்க வேண்டிய நிலை வந்தது.

அதன் பிறகு பர்மா தேக்குக் காடுகளின் பொறுப்புக்கு வந்தவர் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ். அவர் காட்டுக்குள் கோடு போட்டதுபோல் நேராகச் சென்று, வழியில் இருந்த தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணினார். பெரிய மரம் எத்தனை, அந்த இடத்தைப் பிடிக்க வளர்ந்துவரும் நடுத்தர மரம் எத்தனை என்று பார்த்து, அதற்குத் தக்கபடியே வெட்டும் எண்ணிக்கையை முடிவு செய்தார். 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். வளர்ந்து சேரும் அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்ற விதி இன்றும் வன நிர்வாகத்தின் அடிப்படை.

இப்போது இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டின் பரப்பைக் கணக்கிடுகிறது. ஆனால் மேலிருந்து பார்த்தால் பச்சைதான் தெரியும். அடிமரத்தின் பருமன் தெரியாது. அதனால் இன்றும் ஆட்கள் தரையில் இறங்கி, மாதிரி இடங்களைக் குறித்து, மரத்தைச் சுற்றி நாடா பிடித்து அளக்கிறார்கள். அந்த மாதிரி இட முறையைத்தான் நம் தோப்புக்கும் சொல்கிறோம்.

மாதிரி இடம் குறித்தல்

எல்லா மரத்தையும் அளக்க வேண்டியதில்லை. தோப்பின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் ஒன்று குறியுங்கள். ஓர மரங்களுக்கு வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அவை பருத்திருக்கும். அவற்றை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். இந்தச் சதுரம் ஏறக்குறைய பத்து சென்ட். இதில் கிடைக்கும் அளவைப் பத்தால் பெருக்கினால் ஓர் ஏக்கருக்கான கணக்கு வரும். மேட்டுப் பகுதி, பள்ளப் பகுதி என்று மண் மாறினால் ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம் வைப்பது நல்லது.

சதுரத்துக்குள் இருக்கும் மரங்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். பிறகு,

* தரையிலிருந்து 1.37 மீட்டர் (நாலரை அடி) உயரத்தில் சுற்றளவை எடுக்கவும். இதை மார்பளவு உயரம் என்பார்கள்.
* அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடவும். அடுத்த வருடமும் அதே கோட்டில்தான் அளக்க வேண்டும்.
* நாடா மேலும் கீழும் சாயாமல் மரத்தைச் சுற்றி ஒட்டி இருக்க வேண்டும். கொடி, காய்ந்த பட்டை இருந்தால் நீக்கிவிட்டு அளக்கவும்.
* சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கம் நின்று உயரம் குறிக்கவும்.
* மார்பளவுக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை இரண்டு மரமாகக் கணக்கில் எடுக்கவும்.
* ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் அளக்கவும்.

உயரம் தெரிய ஒரு குச்சி போதும். கையை நீட்டிக் குச்சியைப் பிடித்து, கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரம் எவ்வளவோ அதே அளவு குச்சி கைக்கு மேலே நிற்கும்படி செங்குத்தாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் அடி கைக்கு நேராகவும் நுனி குச்சியின் முனைக்கு நேராகவும் தெரியும்வரை பின்னால் நகருங்கள். சமதளமான நிலத்தில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரமே மரத்தின் உயரம்.

கன அடிக் கணக்கு

வெட்டிய மரத்துக்கு நம் நாட்டு மர வியாபாரத்தில் கால் சுற்றளவு முறை வழக்கத்தில் இருக்கிறது. கட்டையின் நடுப்பகுதிச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவை அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்தால், கடைசியில் 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

பத்து அடி நீளக் கட்டைக்குப் பார்ப்போம். நடுச் சுற்றளவு 24 அங்குலமாக இருந்தால் இரண்டரை கன அடி. 36 அங்குலமாக இருந்தால் ஐந்தரைக்குச் சற்று மேல். 48 அங்குலமாக இருந்தால் 10 கன அடி. சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நான்கு மடங்காகிறது. சன்னமான கட்டையைவிடப் பருத்த கட்டைக்குக் கன அடி விலையும் கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, சுற்றளவைக் கட்டையின் நடுவில் எடுக்க வேண்டும். சிறுத்த முனையில் எடுத்தால் நமக்கு நட்டம். இரண்டாவது, உருண்டையான கட்டையின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதத்தைத்தான் இந்த முறை காட்டும். பட்டைக்கும் அறுப்புக் கழிவுக்கும் என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே விட்டுக்கொடுத்தாகிவிட்டது. கழிவு என்று சொல்லி மறுபடியும் குறைத்தால், இதை எடுத்துச் சொல்லிப் பேசலாம்.

நிற்கும் மரத்தில் நடுச் சுற்றளவு எடுக்க முடியாது. மேலே போகப் போக மரம் சிறுக்கும் என்பதால், மார்பளவுச் சுற்றளவை அப்படியே போட்டுக் கணக்கிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். இதற்காகவே வன ஆராய்ச்சி நிலையங்கள் நிறைய மரங்களை வெட்டி அளந்து, சுற்றளவையும் உயரத்தையும் வைத்துக் கன அளவு சொல்லும் அட்டவணைகளைத் தயாரித்திருக்கின்றன.

எப்போது களைவது?

கேழ்வரகு வயலில் பயிர் நெருக்கமாக இருந்தால் களைந்துவிடுகிறோம். மரத்தில் மட்டும் மனம் வருவதில்லை. தேக்கு வெயில் விரும்பும் மரம். கிளைகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்ட பிறகு உயரம் மட்டும் போகும், பருமன் நின்றுவிடும்.

2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்று. முதல் முறை மூலைவாட்டு வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 500 நிற்கும். அடுத்த முறை ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடைவெளியில் சுமார் 250 நிற்கும். தேக்குத் தோட்டங்களில் முதல் களைதல் ஐந்தாம் வருடத்தை ஒட்டியும் இரண்டாவது பத்தாம் வருடத்தை ஒட்டியும் நடக்கும். அதற்குப் பிறகு வரிசை பார்க்காமல், வளைந்தது, கவட்டை விட்டது, நோய் பட்டது, அமுங்கிப்போனது ஆகியவற்றை எடுக்க வேண்டும். வெட்டிய தேக்குக் கட்டையிலிருந்து தளிர் வரும். அதையும் அகற்ற வேண்டும்.

எந்த வருடம் களைவது என்பதை உங்கள் நோட்டே சொல்லும். மழை சரியாகப் பெய்தும் சுற்றளவு கூடும் வேகம் போன வருடத்தைவிடக் குறைந்து, அடிக் கிளைகளும் காய்ந்து வந்தால், மரத்துக்கு இடம் போதவில்லை என்று பொருள்.

எப்போது வெட்டுவது?

காகிதக் கூழுக்கும் கழிக்கும் வளர்க்கும் சவுக்கு, தைலமரம் போன்றவற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. புரிவதற்காக ஓர் உதாரணம் மட்டும்: நாலாம் வருட முடிவில் 8 டன், ஐந்தாம் வருடம் 12, ஆறாம் வருடம் 15, ஏழாம் வருடம் 17 என்று வைத்துக்கொள்வோம். வருடச் சராசரி முறையே 2, 2.4, 2.5, 2.43. ஆறாம் வருடம் சராசரி உச்சத்தில் இருக்கிறது. அதற்கு முன் வெட்டினால் வளர்ச்சியைப் பாதியில் நிறுத்துகிறோம். அதற்குப் பிறகும் விட்டு வைத்தால், மறுநடவு செய்தால் கிடைக்கும் வேகத்தைவிட மெதுவாக வளரும் மரத்துக்கு நிலத்தைக் கொடுத்து வைத்திருக்கிறோம். தேக்கு போன்ற மரங்களில் பருமன் கூடக் கூட விலையும் ஏறுவதால், இந்த உச்சத்துக்குப் பிறகும் காத்திருப்பது லாபமாகலாம்.

ஐந்து ஏக்கர் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் நட்டு ஒரே வருடத்தில் வெட்ட வேண்டாம். ஐந்து வருடச் சவுக்கு என்றால் வருடம் ஓர் ஏக்கர் வெட்டி, அந்த ஓர் ஏக்கரில் மறுபடி நடலாம். வருடா வருடம் வருமானம் வரும். விலை இறங்கிய ஒரு வருடம் மொத்தத்தையும் பாதிக்காது. பிராண்டிஸ் காட்டில் கடைப்பிடித்த விதியும் இதுதான்.

கவனத்துக்கு

மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிவு செய்து வையுங்கள். தேக்கு உள்ளிட்ட மரங்களை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் என்ன அனுமதி வேண்டும் என்பதை, விலை பேசும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியை வியாபாரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால் அந்தச் செலவும் நம் விலையில்தான் கழியும். கன அளவு அட்டவணை, இடைவெளி, ரகம் பற்றிய ஆலோசனைக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் கோவையில் உள்ள வன மரபியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் அணுகலாம்.

இந்த வருடம் பத்து சென்ட் சதுரம் ஒன்றைக் குறித்து அளந்து எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் மறுபடி அளந்தால் மரம் எவ்வளவு வளர்ந்தது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு யார் வந்து தோப்புக்கு விலை சொன்னாலும், நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.