நாள் குறித்துக் கொடுக்கும் வேலை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆரியசாலைப் பக்கம் நடந்தால் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கடைப்பையன்களாகத் தொடங்கி, பின்னர்ச் சொந்தக் கடை வைத்தவர்கள் உண்டு. அன்று வேலை கேட்டவர்கள் இன்று வேலை கொடுக்கிறார்கள்.

ஓணம் நெருங்கும்போது ஊரிலிருந்து ஒரு பையனை வரவழைக்கிறோம். “மூன்று மாதம் இரு, பிறகு பார்ப்போம்” என்கிறோம். மூன்று மாதம் மூன்று வருடமாகிறது. வியாபாரம் குறைந்ததும், “உன் தவணை முடிந்துவிட்டது” என்கிறோம். எந்தத் தவணை? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

அன்பான வாசகர்களே, குறித்தகால வேலை ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை நிற்பது ஆட்குறைப்பு ஆகாது என்ற விதி 1984-லேயே தொழில் தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2018 மார்ச்சில் மத்திய விதிகள் திருத்தப்பட்டு, எல்லாத் தொழில்களுக்கும் இம்முறை அனுமதிக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020, இதைத் தெளிவாக வரையறுக்கிறது.

முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. எழுத்து இல்லாதபோது, “காலம் முடிந்தது” என்னும் பாதுகாப்பு முதலாளிக்குக் கிடைப்பது கடினம். கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1960-இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும்.

இரண்டாவது, காலம் குறுகியது என்பதற்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது. அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஊழியருக்குரிய வேலை நேரம், ஊதியம், படிகள், பிற சலுகைகள் ஆகியவற்றில் இவருக்குக் குறை வைத்தல் ஆகாது. சட்டப்படியான பயன்களை, வேலை செய்த காலத்தின் விகிதப்படி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுப் பணி வேண்டும். குறித்தகால ஊழியருக்கு ஓராண்டே போதும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகளுக்கு இது பொருந்தும். ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது கணக்கு. மாதத்தை 26 நாளாகக் கொள்ளவேண்டும். கணக்கில் வரும் மாத ஊதியம் 13,000 ரூபாயானால், ஓராண்டுக்கு 7,500 ரூபாய். முப்பது நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

சிலர் வேறொரு வழியை நினைக்கிறார்கள். பதினொரு மாதத்துக்கு எழுதி, சில நாள் இடைவெளி விட்டு, மறுபடியும் எழுதுவது. நிரந்தர ஊழியருக்குரிய நிலையை மறுக்கும் நோக்கத்தோடு ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. உண்மையில் பருவகால வேலையானால் நாள் குறியுங்கள். ஆண்டு முழுவதும் இருக்கும் வேலையானால் நிரந்தரமாகவே நியமியுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சிலவே: பெயர், வேலை, தொடங்கும் நாள், முடியும் நாள், ஊதியம், வேலை நேரம், விடுமுறை, இடையில் விலகினாலோ விலக்கினாலோ தரவேண்டிய முன்னறிவிப்பு. பையனுக்குப் புரியும் மொழியில் எழுதி, வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவனிடம் கொடுங்கள். வருகையும் ஊதியமும் பதிவேட்டில் இருக்கட்டும். காலம் முடிந்தபின்னும் வேலை தொடர்ந்தால், அன்றே புதுத்தாள் எழுதுங்கள்.

“நம் ஊர்ப் பையன்தானே, தாள் எதற்கு?” என்று கேட்கலாம். நம் ஊர்ப் பையன் என்பதால்தான் தாள் வேண்டும். ஊரில் அவனுடைய தாய் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தங்கையின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் கணக்குப் போடுகிறாள். வேலை எந்த நாளில் முடியும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.