மார்பகத்துக்குள் சிலிகான் பை: அந்த ஆபரேஷனில் என்னதான் நடக்கிறது?

தர்மபுரி:

மார்பக ஆபரேஷன் என்றாலே பலருக்கும் சினிமா நடிகைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு.

ஆனால் இந்த ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் பென்னாகரத்திலும் இருக்கிறார்கள், அரூரிலும் இருக்கிறார்கள். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டு, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பஸ் ஏறும் பெண்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போய், கல்யாண பேச்சை எடுத்தாலே அழும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவிடம்கூட சொல்லாமல் செல்போனில் தேடிப் பார்க்கிறார்கள். தேடினால் முதலில் கண்ணில் படுவது விளம்பரம்தான். அதனால்தான் விஷயத்தை வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஏழைகளுக்கும் இலவசம்

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உலக செய்தியில் அடிபட்டது. மார்பகத்தை பெரிதாக்குவது, சிறிதாக்குவது போன்ற அழகு சிகிச்சைகளும் ஏழைகளுக்கு இலவசமாக செய்யப்படும் என்று அங்கே தனி கிளினிக் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு டி.வி.க்காரர்கள் எல்லாம் "இந்தியாவில் இலவச மார்பக ஆபரேஷன்" என்று செய்தி போட்டார்கள்.

ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை கிடைக்கக்கூடாதா என்று அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர் கேட்டார். அரசு செய்யாவிட்டால் கடன் வாங்குவார்கள், இல்லையென்றால் ஆபத்தான வழிக்கு போவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நேரத்தில் இது தேவையா என்று மூத்த டாக்டர்கள் சிலர் எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கந்துவட்டி எப்படி வாங்கப்படுகிறது என்பதை பார்த்தவர்களுக்கு அமைச்சர் சொன்னது புரியும்.

ஸ்டான்லியை பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். மெஷினில் மாட்டி துண்டான கையை சரி செய்யும் பிரிவுக்கு பேர் போன இடம். கை ஆபரேஷனும் மார்பக ஆபரேஷனும் அங்கே ஒரே பிளாஸ்டிக் சர்ஜரி துறையில்தான் வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றால் பிளாஸ்டிக்கை வைத்து தைப்பது இல்லை. உடம்பின் உருவத்தை சீர் செய்வதற்குத்தான் அந்த பெயர். தீக்காயம் பட்டவர்களுக்கு தோல் ஒட்டுவதும் இதே டாக்டர்கள்தான்.

ரத்தப் பையில் பிறந்த யோசனை

உள்ளே வைக்கும் பைக்கு 'இம்பிளான்ட்' என்று பெயர். வெளி உறை சிலிகான் ரப்பர். உள்ளே சிலிகான் ஜெல் இருக்கும், அல்லது சுத்தமான உப்புத்தண்ணீர் இருக்கும். உப்புத்தண்ணீர் பை உடைந்தால் மார்பு சுருங்கி உடனே தெரிந்துவிடும், தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஜெல் பை உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்க்க இயற்கையாக இருப்பது ஜெல் பைதான்.

இது பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிராங்க் கெரோ என்ற டாக்டர், ரத்தம் அடைத்த பிளாஸ்டிக் பையை கையில் அமுக்கிப் பார்த்தபோது இந்த யோசனை வந்ததாம். அவரும் தாமஸ் குரோனின் என்ற டாக்டரும் சேர்ந்து 1962-ல் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு முதன்முதலாக ஜெல் பை வைத்தார்கள். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தது நெஞ்சில் குத்தியிருந்த பச்சையை அழிக்க! "இதையும் செய்துகொள்கிறாயா?" என்று டாக்டர்கள் கேட்க, காதை சரி செய்து கொடுத்தால் சம்மதம் என்றாராம்.

ஆபரேஷன் எப்படி?

முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். மார்புக்கு அடியில் உள்ள மடிப்பிலோ, காம்பை சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ சிறிதாக கீறுவார்கள். பால் சுரப்பிக்கு பின்னால் அல்லது நெஞ்சு தசைக்கு அடியில் இடம் பண்ணி, பையை உள்ளே தள்ளி தையல் போடுவார்கள். தழும்பு மங்கும், முழுவதும் மறையாது.

சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் போகலாம். நம்ம ஊர் பெண்கள் செய்வது அந்த வேலை இல்லையே! சித்தாள் வேலை, புளி தட்டுவது, புல்லுக்கட்டு தூக்குவது, குடம் குடமாக தண்ணீர் சுமப்பது, இதெல்லாம் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஆகாது. அத்தனை நாள் கூலி போகும் என்பதையும் சேர்த்து கணக்கு போட்டுவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் முதலில் சர்க்கரையை கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். பை வைத்த பிறகு குழந்தை பெற்றால் பால் கொடுக்க முடியுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலானவர்களால் முடியும். காம்பை ஒட்டி கீறியவர்களில் சிலருக்கு பால் குறையலாம். வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் வைக்கக்கூடாது. அமெரிக்காவில் வெறும் அழகுக்காக என்றால் ஜெல் பைக்கு 22 வயதும், உப்புத்தண்ணீர் பைக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

காலம் பூரா தாங்காது

ஏஜென்ட்கள் சொல்லாத விஷயம் இதுதான். ஒருமுறை வைத்தால் முடிந்தது கதை என்று நினைக்கக்கூடாது. பை ஆயுள் முழுக்க வரும் பொருள் இல்லை. சிலருக்கு 10 வருஷம் ஓடும், சிலருக்கு 20 வருஷம் ஓடும், சிலருக்கு முன்னாடியே பிரச்சினை வரும். அப்போது இன்னொரு ஆபரேஷன், இன்னொரு செலவு.

உடம்புக்குள் எந்த அன்னியப் பொருள் போனாலும் அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வு கட்டும். முள் குத்தி உள்ளே நின்றுவிட்டால் சுற்றி கட்டியாவது போலத்தான். அந்த சவ்வு சிலருக்கு இறுகி, மார்பு கல் மாதிரி ஆகி வலிக்கும். அப்போது திறந்து எடுக்க வேண்டும். சீழ் பிடிப்பது, பை இடம் மாறுவது, காம்பில் உணர்ச்சி மரத்துப் போவது இவையும் நடக்கும்.

ஜெல் பை உள்ளவர்கள் ஆபரேஷன் முடிந்த 5, 6 வருஷத்தில் ஒரு ஸ்கேன், அதன் பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு நிறுவனமான எப்.டி.ஏ. சொல்கிறது. மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போனாலும் "உள்ளே பை இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உலகையே உலுக்கிய மோசடி

பிரான்ஸ் நாட்டில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி. உலகம் முழுக்க பை விற்றது. 2010-ல் சோதனை போட்டபோது, மருத்துவ தரமுள்ள ஜெல்லுக்கு பதிலாக தொழிற்சாலைகளுக்கான மலிவு சிலிகானை அடைத்து விற்றது வெட்டவெளிச்சமானது. அந்த பைகள் சீக்கிரம் கிழிந்தன. பல நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்புக்குள் அவை இருந்தன. கம்பெனி முதலாளி ஜீன் கிளாட் மாஸுக்கு 2013 டிசம்பரில் 4 வருஷம் ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் 2019-ல் இறந்துபோனார். கிழிந்த பையோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த பெண்களுக்கு இந்த 4 வருஷ தண்டனை என்ன ஆறுதல் தந்திருக்கும்?

அதே 2019-ம் ஆண்டு ஜூலையில் அலர்கன் என்ற பெரிய கம்பெனி, சொரசொரப்பான மேல்புறம் கொண்ட 'பயோசெல்' ரக பைகளை உலகம் முழுக்க திரும்பப் பெற்றது. அந்த ரகத்தை வைத்தவர்களில் மிகச் சிலருக்கு பையை சுற்றியுள்ள சவ்வில் ஒருவகை நிணநீர் புற்றுநோய் வந்ததுதான் காரணம். இது அபூர்வம். ஆனால் பை வைத்து பல வருஷம் கழித்து திடீரென ஒரு பக்கம் நீர் கோர்த்து வீங்கினால் சும்மா இருக்கக்கூடாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்து பையையும் சவ்வையும் எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. 2021 அக்டோபரில் இருந்து அமெரிக்காவில் பை வைக்கும் முன் ஆபத்துகளை வரிசையாக படித்துக்காட்டி கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விதியே வந்துவிட்டது.

புற்றுநோயில் மார்பை இழந்தவர்களுக்கு

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பக புற்றுநோய்க்குத்தான். மார்பை எடுத்தவர்களுக்கு அதை மறுபடி உருவாக்குவது வெறும் அழகு விஷயம் அல்ல. ஒரு பக்கம் கனம் போனதால் சிலருக்கு தோள் சாய்ந்து முதுகு வலிக்கும். கண்ணாடி பார்க்கவே மனசு வராது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, முதலில் காலி பை போல ஒன்றை வைத்து, வாரா வாரம் உப்புத்தண்ணீர் ஏற்றி தோலை விரித்து, பிறகு நிஜ பையை வைப்பது. இன்னொன்று, அவரவர் முதுகு அல்லது அடிவயிற்றில் இருந்து சதையும் தோலும் எடுத்து மார்பை உருவாக்குவது. இது பெரிய ஆபரேஷன். ஆனால் சொந்த சதை என்பதால் பை உடையும் பயம் இல்லை. கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு பை வைத்தால் இறுகிப்போவது அதிகம் என்பதால் டாக்டர்கள் பெரும்பாலும் சொந்த சதையையே யோசிப்பார்கள்.

எல்லோரும் ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்றும் இல்லை. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகான், பஞ்சு அச்சுகளும் இருக்கின்றன. "எனக்கு இதுவே போதும்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய பேர்.

இன்னொரு தரப்பும் உண்டு. மார்பு அளவுக்கு மீறி கனத்து, கழுத்து வலி, தோளில் பட்டை பதிந்த புண், அடிமடிப்பில் வேர்க்குரு, சொறி என்று அவஸ்தைப்படும் பெண்கள். இவர்களுக்கு பை கிடையாது. அதிகப்படி சதையை எடுத்து சிறிதாக்குவார்கள். சில இளைஞர்களுக்கு மார்பு வளர்ந்து சட்டையை கழற்றவே கூச்சப்படுவார்கள். அதற்கும் ஆபரேஷன் இருக்கிறது. திருநங்கைகளும் பெண் உருவம் வேண்டி இம்பிளான்ட் வைத்துக்கொள்கிறார்கள். ஊசி, எண்ணெய் என்று ஏமாற்றுபவர்களிடம் அதிகம் சிக்கும் ஆபத்தும் அவர்களுக்குத்தான்.

போலி டாக்டர் ஜாக்கிரதை

பிளஸ்-2 படித்துவிட்டு ஊசி போட்ட போலி டாக்டர் கைது என்ற செய்தி நம்ம மாவட்டத்துக்கு புதிது இல்லை. சிலிகான் திரவத்தை ஊசியில் ஏற்றி நேரடியாக மார்பில் குத்துவது எந்த நல்ல டாக்டரும் செய்யாத வேலை. அது உடம்புக்குள் பரவி கட்டியாகும், ரத்தக்குழாயில் ஏறினால் உயிரே போகும். தடவினால் பெருக்கும் கிரீம், மாத்திரை என்று பத்திரிகையில் (சொல்ல கூச்சமாகத்தான் இருக்கிறது) விளம்பரம் வரும். அதில் பெருகுவது விற்பவரின் கல்லாப்பெட்டிதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர் பெண்கள் தவணையில் ஆபரேஷன் என்ற விளம்பரத்தை பார்த்துவிட்டு போகக்கூடும். போனால் டாக்டர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு சமமான படிப்பு முடித்தவரா, மயக்க மருந்து டாக்டர் கூட இருப்பாரா என்று கேளுங்க. கேட்டால் கோபப்படுகிறவரிடம் உடம்பை கொடுக்காதீங்க. பையின் கம்பெனி பெயர், ரகம், சீரியல் நம்பர் அச்சடித்த கார்டு ஒன்று தருவார்கள். அதை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைக்க வேண்டும். அலர்கன் பையை திரும்பப் பெற்றபோது, தன் உடம்பில் இருப்பது அந்த ரகமா என்று கார்டு வைத்திருந்தவர்களால் எளிதாக பார்க்க முடிந்தது.

எங்கே போவது?

முதலில் தர்மபுரி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி அறுவை சிகிச்சை பிரிவில் காட்டலாம். பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றால் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. தேவைப்பட்டால் அவர்களே கடிதம் கொடுத்து சேலத்துக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தவர்கள் பழைய பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும். எது காப்பீட்டில் வரும், எது வராது என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம். வெறும் அழகுக்கான ஆபரேஷன் காப்பீட்டில் வராது.

சென்னைக்கு மொரப்பூரில் ரெயில் ஏறலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பழைய வண்ணாரப்பேட்டையில், சென்ட்ரலில் இருந்து பஸ்சில் போகும் தூரம்தான். ஒரே நாளில் ஆபரேஷன் முடிந்துவிடும் என்று நினைத்து போகாதீங்க. முதல்நாள் பார்ப்பார்கள், ரத்தம், இ.சி.ஜி., ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், பிறகுதான் தேதி. துணைக்கு ஒரு பெண் கட்டாயம் வேண்டும்.

மார்பில் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுப்பது, ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சு பழத்தோல் மாதிரி ஆவது, இதில் எது தெரிந்தாலும் அழகு ஆபரேஷன் யோசனையை தள்ளி வைத்துவிட்டு அந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போய் காட்டுங்க. அங்கே பரிசோதனைக்கு காசு கிடையாது.