விழித்திரையின் மேடும் பள்ளமும்

மருந்தகத்தில் செல்போன் படம், அறுவை அரங்கில் முப்பரிமாண நேரலை. இரண்டுக்கும் நடுவே சர்க்கரை நோயாளியின் பார்வை.

சர்க்கரை நோய் கண்ணைப் பிடிக்கும்போது வலிக்காது. பார்வை மங்கும்வரை ஒன்றும் தெரியாது. மும்பை தாராவியில் இட்லி விற்பவர் கண் டாக்டரிடம் போனால் அன்றைய வியாபாரம் போச்சு. அதனால் தள்ளிப்போடுவார். சோதனைதான் அவருக்கு அருகில் வர வேண்டும்.

மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் எஸ். நடராஜன். சென்னை சங்கர நேத்ராலயாவில் பயிற்சி பெற்ற விழித்திரை நிபுணர். 2013இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரது குழு 2018இல் மும்பை மாநகராட்சி மருந்தகங்களுக்கு வந்த 231 சர்க்கரை நோயாளிகளைச் சோதித்தது. சுகாதாரப் பணியாளர் செல்போன் கேமராவில் விழித்திரையைப் படமெடுப்பார். இணையம் இல்லாமலே போனில் உள்ள செயற்கை நுண்ணறிவு அதை அலசும். மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய ஒருவரையும் அது தவறவிடவில்லை. அப்படி அனுப்பத் தேவையில்லாதவர்களில் 88.4 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. சிறிய ஆய்வுதான் என்றாலும் நம்பிக்கை தருவது.

தட்டைப் படத்துக்கு அப்பால்

செல்போன் படத்தில் ரத்தக்கசிவு தெரியும், ஆழம் தெரியாது. ஆழத்தைக் காட்டுவது 1991இல் அமெரிக்காவில் அறிமுகமான ஓசிடி ஸ்கேன். அடுக்கடுக்கான விழித்திரையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அது ஆழத்தைக் கணக்கிடுகிறது. நல்ல கண்ணில் நடுவே சிறு பள்ளம் தெரியும். நீர் கோத்த கண்ணிலோ பள்ளம் மேடாகி, உள்ளே கறுப்புக் குமிழிகள் தென்படும். சிகிச்சையாகக் கண்ணில் ஊசி போட்டபின் நீர் வற்றுகிறதா என்பதையும் அடுத்த ஸ்கேன் சொல்லிவிடும்.

2000களின் தொடக்கத்தில் வந்த ஓசிடி கருவிகள் நொடிக்கு 400 ஆழக் கோடுகளை எடுத்தன. இன்று லட்சம் கோடுகள் சாதாரணம். ரொட்டித் துண்டுகளைச் சேர்த்து முழு ரொட்டியாக்குவதுபோல, கணினியின் கிராபிக்ஸ் சிப் அவற்றை நொடிக்குப் பலமுறை முப்பரிமாண உருவாக அடுக்குகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோசப் இசாட், சிந்தியா டோத் குழுவினர் இதை அறுவை நுண்ணோக்கியோடு இணைத்தனர். விழித்திரைமேல் படர்ந்த சவ்வை உரிக்கும்போது, இடுக்கி முனைக்கும் விழித்திரைக்கும் உள்ள இடைவெளியை டாக்டர் அப்போதே பார்க்கலாம். உலோக இடுக்கி ஒளியை மறைப்பதால் அதன் அடியில் நிழல் விழும். அந்தக் குறை இன்னும் உண்டு.

இத்தனை நுட்பமும் நோயாளி வந்து சேர்ந்த பிறகுதான் பயன்படும். முற்றிய நிலையில் வருபவருக்கு எந்தக் கருவியும் இழந்த பார்வை முழுவதையும் மீட்டுத் தராது. சர்க்கரை இருப்பவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. அதற்குத் தெருமுனை மருந்தகத்தில் ஒரு செல்போன் கேமரா இருந்தால், இட்லிக் கூடையை இறக்கிவைத்த நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.