பேசும் கருவியும் அதன் ஒலியியக்கியும்

கருவியொன்றின் சிறப்பு, அது பயன்கொள்வார்க்கு எங்ஙனம் உதவுகின்றது என்பதனால் அறியப்படும். 2001ஆம் ஆண்டிற் பெங்களூரில், இந்திய அறிவியற் கழக அறிஞரும் என்கோர் நிறுவனப் பொறியியலாளரும் கூடிச் சிம்பியூட்டர் என்னும் கைக்கணினியின் முன்மாதிரியை வெளியிட்டனர். எழுத்தறியாதாரும் செய்தியைச் செவிவழியாகப் பெறுதல் வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனை இயக்கியது லினக்ஸ். இத்தகைய கருவியில் ஒலி அற்றுப்போமாயின், ஏனைய உறுப்புக்கள் செவ்வனே இயங்கினும் பயனில்லை. ஆதலின், ஒலியியக்கியைப் புதுப்பிக்கும் முறை ஆராயத்தக்கது.

ஒலியியக்கி என்பது, லினக்ஸின் கருவாகிய கேர்னலுக்கும் ஒலியெழுப்பும் வன்பொருளுக்கும் இடைநின்று இரண்டையும் இணைக்கும் நிரலாகும். ஒரு பணிக்கென அமைந்த சிறு கணினியில் இவ்வன்பொருள் மூன்று கூறுகளை உடையது. எண்களை ஒலிக்குரிய மின்னலையாக மாற்றும் கோடெக் சில்லு ஒன்று. அவ்வெண்களை அனுப்பும் முதன்மைச் சில்லு மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் பலகை மூன்றாவது.

முன்னாளில் இம்மூன்றற்கும் உரிய கட்டளைகள் ஒரே நிரலிற் பின்னிக் கிடந்தன. இதனால் டபிள்யூ.எம். 8731 என்னும் ஒரே கோடெக்கிற்கு, நான்கு முதன்மைச் சில்லுகளின் பொருட்டு நான்கு வெவ்வேறு இயக்கிகள் வழங்கின. ஒன்றிற் கண்ட பிழையைத் திருத்தினும் ஏனைய மூன்றும் திருந்தா. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6ஆம் கேர்னல், பழைய ஓ.எஸ்.எஸ். அமைப்பினை விடுத்து அல்சா என்னும் அமைப்பினை முதன்மையாகக் கொண்டது. 2007ஆம் ஆண்டளவில் அல்சாவுடன் சேர்ந்த புதிய பகுதி, அம்மூன்று கூறுகளுக்கும் தனித்தனி இயக்கிகளை வகுத்தது. அதன்பின் கோடெக் இயக்கியை ஒருமுறை திருத்தினால், அதனைக் கொண்ட பலகைகள் அனைத்தும் பயன்பெறும்.

எனினும், இயக்கியை மட்டும் தனித்துப் புதுப்பித்தல் எளிதன்று. கேர்னலின் உட்கட்டமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும் இயல்பினது. ஒரு பதிப்பிற்குத் தொகுத்த இயக்கி மற்றொன்றிற் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே, முதலிற் கேர்னற் பதிப்பினை அறிதல் வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கேர்னலின் படியொன்றைப் பேணுதல் வேண்டும். பலகையின் இணைப்புக்களை விவரிக்கும் சாதனமரக் கோப்பு புதிய இயக்கியோடு பொருந்துகின்றதா எனவும் நோக்குதல் வேண்டும். இவை யாவும் செய்தபின்னும் ஒலி எழாவிடின், இயக்கியைப் பழிக்குமுன் ஒலிக்கலவைக் கட்டுப்பாட்டைப் பார்த்தல் நன்று. அங்கு ஒலி அடக்கப்பட்டிருத்தல் பலகாலும் காணப்படுவது.

சிம்பியூட்டர் இன்று வழக்கொழிந்தது. ஆயினும் அதன் நோக்கம் ஒழிந்திலது. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு பலகையில், தமிழ் வாசிக்கவல்ல ஈஸ்பீக் நிரலை நிறுவி, யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவரும் விழிப்புலனற்றோர்க்கு வாசிப்புக் கருவி அமைக்கலாம். அதன்கண் ஓர் இயக்கியைத் திருத்த நேரின், அத்திருத்தத்தைத் தம் பலகையோடு நிறுத்தாது பொதுக் கேர்னலிற் சேர்ப்பித்தலே தக்கது. அங்கு சேர்ந்த இயக்கி, கேர்னல் மாறுந்தோறும் பலராற் பேணப்படும்; தனித்து வைத்ததோ, ஆக்கியோன் கைவிட்ட நாளிலிருந்து பழுதடையத் தொடங்கும்.