மீட்டர் சொல்லும் கணக்கு

ஒரு நாள் மாலை. மட்டாஞ்சேரியில் எங்கள் படிப்பு வட்டம் கூடும் நேரம். ஓர் அக்கா கையில் ஒரு காகிதத்துடன் வந்தார்.

"தம்பி, இது தண்ணீர் பில்லா? நம்ம வீட்டுக்குப் பணம் கட்டச் சொல்லி வந்ததே இல்லை. இப்ப வந்திருக்கு. என்னன்னு பாரு."

"நீங்களே பாருங்கள் அக்கா" என்றேன்.

"இது மலையாளம் தம்பி. எனக்குத் தமிழே இப்பத்தான் வருது."

"எழுத்துதான் மலையாளம். எண்கள் நாம் படித்த அதே எண்கள்தான். அவற்றை வாசியுங்கள்."

அக்கா விரலை வைத்து வாசித்தார். இரண்டு மாதச் செலவு 35 என்று இருந்தது. அதற்கு முந்தைய பில்லில் 18 என்று இருந்தது.

"முப்பத்தஞ்சு ரூபாயா?"

"ரூபாய் இல்லை அக்கா. கிலோ லிட்டர். ஒரு கிலோ லிட்டர் என்றால் 1,000 லிட்டர். 35 கிலோ லிட்டர் என்றால் 35,000 லிட்டர்."

அக்கா வாயடைத்துப் போனார். வீட்டில் அதே ஐந்து பேர்தான். விருந்தாளி யாரும் வரவில்லை. அப்படியானால் 17,000 லிட்டர் தண்ணீர் எங்கே போனது?

பணம் கட்டச் சொன்னது ஏன்?

கேரள வாட்டர் அத்தாரிட்டி 2023 பிப்ரவரியில் கட்டணத்தைக் கூட்டியது. ஒரு லிட்டருக்கு ஒரு பைசா கூடியது. ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை என்று வைத்தார்கள். அதற்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அக்கா கொடுத்திருந்தார்.

அக்காவின் வீட்டில் முன்பு மாதம் 9,000 லிட்டர் செலவானது. பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது மாதம் 17,500 லிட்டர் ஆகிவிட்டது. 15,000 லிட்டர் வரம்பைத் தாண்டிவிட்டது. அதனால்தான் பில் வந்தது.

மீட்டரைப் படிப்போம்

மறுநாள் விடியற்காலையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசல் ஓரத்தில் மீட்டர் இருந்தது. மூடியைத் திறந்து, துணியால் கண்ணாடியைத் துடைத்தோம்.

மீட்டரில் கறுப்பு எண்கள் இருக்கும். அவை கிலோ லிட்டரைக் காட்டும். பக்கத்தில் சிவப்பு எண்கள் இருக்கும். அவை லிட்டர் கணக்கைக் காட்டும். முதல் சிவப்பு எண் நூறு லிட்டர். அடுத்தது பத்து லிட்டர். மூன்றாவது ஒரு லிட்டர். சில மீட்டர்களில் சிவப்பு எண்ணுக்குப் பதிலாகச் சிவப்பு முள் சுற்றும்.

இன்னொன்றும் இருக்கும். நட்சத்திரம் போலவோ முக்கோணம் போலவோ ஒரு சிறு சக்கரம். கொஞ்சம் தண்ணீர் ஓடினாலும் அது சுற்றும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது சுற்றினால், எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது என்று பொருள்.

ஒரு மணி நேரச் சோதனை

அக்காவின் தெருவில் நாள் முழுவதும் தண்ணீர் வராது. சுமார் எட்டு மணி நேரம் வரும். தெருக் குழாயில் தண்ணீர் இருக்கும்போதுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். குழாய் காலியாக இருந்தால் கசிவு தெரியாது. தண்ணீர் வரத் தொடங்கும்போது குழாயில் உள்ள காற்றும் மீட்டரைச் சுற்ற வைக்கும். ஆகவே நன்றாகத் தண்ணீர் வரும் வரை பொறுத்திருந்தோம்.

பிறகு வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் மூடினோம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் அடைத்தோம். அக்கா மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினார்:

காலை 4.30 மணி: 412 – 386

ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடவில்லை. அக்கா மறுபடி எழுதினார்:

காலை 5.30 மணி: 412 – 422

422-இல் 386 போனால் 36. யாரும் குழாயைத் திறக்காத ஒரு மணி நேரத்தில் 36 லிட்டர் போயிருக்கிறது!

அக்காவே கணக்குப் போட்டார். எட்டு மணி நேரத்துக்கு 288 லிட்டர். அறுபது நாளுக்கு 17,280 லிட்டர்.

"தம்பி, பில்லில் கூடுதலா வந்ததும் பதினேழாயிரம்தானே!"

கணக்குச் சரியாக வந்துவிட்டது.

ஒழுகும் இடம் எது?

வீட்டின் பின்புறம் கொஞ்சம் மண் உண்டு. அங்கே ஒரு வாழை, ஒரு கறிவேப்பிலை, சில பூச்செடிகள் இருந்தன. அவற்றுக்காக மண்ணுக்குள் ஒரு குழாய் போகிறது. அந்தக் குழாயின் வால்வை அடைத்தோம். ஓடி வந்து மீட்டரைப் பார்த்தோம். சிறு சக்கரம் நின்றுவிட்டது! வால்வைத் திறந்தோம். மீண்டும் சுற்றியது. இடம் தெரிந்துவிட்டது.

வாழையின் அடியில் மண் எப்போதும் ஈரமாக இருந்ததாம். "இந்த வருஷம் வாழை நல்லா வருதுன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார் அக்கா. தோண்டிப் பார்த்தோம். குழாயின் இணைப்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. பிளம்பர் வந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிய இணைப்பு வைத்து ஒட்டினார். பசை நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் திறந்தோம். சக்கரம் அசையவில்லை.

தொட்டிக்குப் பிறகு வரும் கசிவு

தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் ஒழுகினால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு வேறு வழி உண்டு. இரவில் தொட்டிக்கு ஏறும் வால்வை அடையுங்கள். ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு யாரும் தண்ணீர் எடுக்க வேண்டாம். காலையில் அதே குச்சியை விட்டுப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது.

கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும். துணிக்குப் போடும் நீலத்தை அந்தத் தொட்டியில் கொஞ்சம் கலக்குங்கள். அரை மணி நேரம் பயன்படுத்தாதீர்கள். கோப்பையில் நீல நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிட்டது. அதை மாற்ற வேண்டும்.

சொட்டும் குழாயின் அடியில் ஒரு டம்ளரை வையுங்கள். 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர் வீணாகிறது. பெரும்பாலும் ஒரு சிறிய வாஷரை மாற்றினால் போதும்.

செடிக்கு எவ்வளவு தண்ணீர்?

செடிக்கு ஊற்றும் ஹோஸ் குழாயையும் அளந்து பாருங்கள். மாடித் தொட்டி நிறைந்திருக்கும்போது, 10 லிட்டர் வாளியை ஹோஸின் முனையில் வையுங்கள். வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரை மணி நேரத்தில் 300 லிட்டர் போகும். அக்காவின் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும் செலவே 300 லிட்டர்தான்! ஹோஸைத் திறந்து போட்டுவிட்டுப் பேசப் போகலாமா?

அந்த நேரத்தை எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் அதே போலத் தொட்டி நிறைந்திருக்கும்போது பாருங்கள். வாளி நிறைய அதிக நேரம் ஆனால், ஹோஸில் ஓட்டை இருக்கலாம். இணைப்பு தளர்ந்திருக்கலாம். குழாயில் அடைப்பும் இருக்கலாம்.

பணம் மட்டும் அல்ல

நம் ஊரைச் சுற்றிலும் காயல். ஆனால் அது உப்புத் தண்ணீர். அந்தக் காலத்தில் ஆலுவாவிலிருந்து பெரியாற்றுத் தண்ணீரை வள்ளத்தில் கொண்டு வந்தார்கள். இன்று மூவாற்றுப்புழை ஆற்றின் தண்ணீரைப் பாழூரில் எடுத்து, மரடு நிலையத்தில் சுத்தம் செய்து மேற்குக் கொச்சிக்கு அனுப்புகிறார்கள். 2023 தொடக்கத்தில் பாழூரில் பம்புகள் பழுதாயின. மேற்குக் கொச்சி மக்கள் பல நாள் தண்ணீருக்குத் தவித்தார்கள். டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர் என்ற நிலை வந்தது. தூரத்திலிருந்து வரும் தண்ணீர் மண்ணுக்குள் போகலாமா?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். தெருவில் தண்ணீர் நின்று குழாய் காலியானதும், அதே விரிசல் வழியாக அழுக்கு உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடைத் தண்ணீரும் வரும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் இப்படித்தான் பரவுகின்றன. எனவே கசிவை உடனே அடைப்பது குழந்தைகளின் உடல்நலத்துக்கும் நல்லது.

சிங்கப்பூரில் 2022 முதல் பல வீடுகளில் புதுவகை மீட்டர் வைத்து வருகிறார்கள். தண்ணீர் நிற்காமல் ஓடினால் அதுவே கண்டுபிடிக்க உதவும். வீட்டுக்காரருக்குச் செய்தி போகும். நம் வீட்டு மீட்டர் செய்தி அனுப்பாது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இப்போது அந்த அக்கா ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். அடுத்த பில்லில் செலவு மறுபடி 18 என்று வந்தது. அதை எங்களுக்கு வாசித்துக் காட்டியதும் அவர்தான்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு மீட்டரின் கறுப்பு எண்ணையும் சிவப்பு எண்ணையும் இன்று நோட்டில் எழுதுங்கள்.

2. அடுத்த வாரம் இதே நாளில் மீண்டும் எழுதுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர் செலவானது? ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

3. தெருவில் தண்ணீர் வரும் நேரத்தில் எல்லாக் குழாயையும் மூடுங்கள். தொட்டியின் வால்வையும் அடையுங்கள். சிறு சக்கரம் சுற்றுகிறதா?

4. உங்கள் தெருவில் எங்காவது குழாய் ஒழுகுகிறதா? வாட்டர் அத்தாரிட்டியின் 1916 என்ற எண்ணுக்குப் பேசி, இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.