முதிர்ந்த புளியமரத்தை அபாயமின்றி வெட்டி அறுக்கும் முறை

கிணற்றுமேட்டிலும் களத்தோரத்திலும் நிற்கும் முதிர்ந்த புளியமரங்கள், காய்ப்புக் குறைந்து, கவைகளில் பொந்து விழுந்து, அடுத்த வயலுக்கு நிழல் கட்டத் தொடங்கியதும், நிலத்திற்குடையவர்கள் அவற்றை வெட்டிவிட நிச்சயிப்பது வழக்கம். பெரும்பாலும் இரண்டு கூலியாட்களை அமர்த்தி, ஒரு மொத்தத் தொகை பேசி, வேலையை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு மிராசுதார் வீடு சென்றுவிடுகிறார். மனித உயிருக்குச் சேதமும் மரத்தின் விலைக்குச் சேதமும் அந்த ஒரே நாளில்தான் நேருகின்றன. ஐம்பது, அறுபது ஆண்டுகள் வளர்ந்த மரம் தரையில் சாய்வதற்குச் சில விநாடிகளே செல்லும். அதற்குப் பின் ஒன்றையும் திருத்த இயலாது.

முதலில் உரிமையை நிச்சயித்துக்கொள்ளவேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரம், பலனைத் தலைமுறையாக அனுபவித்து வந்தவராயினும், பக்கத்து நிலத்துக்காரருடையதன்று. பட்டா நிலத்திலேயே நின்றாலும் சந்தன மரத்தை வனத்துறை அனுமதியின்றித் தொடலாகாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களில் பிற மரங்களுக்கும் அனுமதி வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி அவசியம் எனத் தமிழ்நாட்டின் 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. எல்லைக்கோட்டில் நிற்கும் மரமானால், கோடாலி விழுவதற்கு முன்பே கிராம அதிகாரி இருதரப்பாரையும் வைத்து அளந்து முடித்துவிடுவது நல்லது. வெட்டிய பின் வரும் வழக்கு மரத்தின் கிரயத்தை விழுங்கிவிடும்.

புளி உலுக்கி முடிந்த பின்னர், காற்று அடங்கிய காலை வேளையே வெட்டுவதற்கு ஏற்றது. மழை நனைத்த மண்ணில் ஓடும் கால் வழுக்கும். சுழற்காற்று வீசும் நாளில் எத்துணைத் தேர்ந்த வேலைக்காரனாலும் மரத்தின் போக்கை நிச்சயிக்க முடியாது. தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்று பலர் நம்புகின்றனர். உளுவை வருவிப்பது வெளிறில் தங்கிய மாவுப்பொருளும் ஈரமுமேயாதலால், பட்சத்தைப் பார்ப்பதைவிட வெட்டிய கட்டையை விரைவில் அறுத்து உலர்த்துவதே பயன் தரும்.

மரத்தைச் சுற்றிவந்து நாற்புறமும் நோக்கவேண்டும். எப்பக்கம் கிளைப்பாரம் மிகுதி, தூர் எங்கே சாய்ந்திருக்கிறது, குளவிக்கூடோ தேனடையோ உண்டா, காய்ந்த கொம்பு தலைக்குமேல் தொங்குகிறதா என்பவற்றைக் கவனிக்கவேண்டும். கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினால், உட்பொந்துள்ள இடத்தில் ஓசை வெறுமையாகக் கேட்கும். பழைய புளியில் இது சாதாரணம். பொந்துள்ள தூர் சொன்னபடி விழாது. அத்தகைய மரத்தைக் கயிறு கட்டி மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே தக்கது. மின்கம்பி எட்டும் தூரத்திலிருந்தால், மின்வாரியத்தாருக்கு அறிவித்து மின்சாரத்தை நிறுத்திய பின்னரே தொடங்கவேண்டும்.

மரத்தின் உயரத்தை அறிய எளிய வழியொன்றுண்டு. கண்ணிலிருந்து நீட்டிய கைப்பிடி வரையுள்ள தூரத்திற்குச் சமமான நீளம் பிடிக்கு மேலே நிற்குமாறு ஒரு குச்சியை நேராகப் பிடித்து, பிடியின் மேல்விளிம்பு மரத்தடியோடும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும்வரை பின்னே செல்லவேண்டும். அங்கிருந்து மரம் வரையுள்ள தூரமே உத்தேசமாக மரத்தின் உயரம். அவ்வுயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்குள் வெட்டுவோரைத் தவிர வேறொருவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களையும் சுள்ளி பொறுக்கக் காத்திருப்போரையும் விலக்க ஒருவரை அதற்கென்றே நிறுத்துவது வீண் செலவன்று.

விழும் திசைக்கு நேர்பின்னாக ஓடுதல் தவறு. அடிமரம் பின்னுக்கு உதைத்துக்கொண்டு வருவதுண்டு. பின்புறத்தில் இடமும் வலமும் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில், இரண்டு ஓடுவழிகளை முன்னதாகவே செடிகொடியின்றிச் சீர்செய்து வைக்கவேண்டும்.

வெட்டும் முறை இதுவே. விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் திறக்கவேண்டும். மேலிருந்து சாய்வாக ஒரு வெட்டும், அடியில் மட்டமாக ஒரு வெட்டும் ஒரே கோட்டில் சந்திப்பது அவசியம். 2 அடிக் குறுக்களவுள்ள மரத்திற்கு இவ்வாயின் ஆழம் 6 அங்குலம் போதும். பின்பு எதிர்ப்புறத்தில், வாயின் அடிமட்டத்திற்கு 2 அங்குலம் உயரத்தில், மட்டமாக ரம்பமிடவேண்டும். இரண்டு வெட்டுகளுக்கும் இடையே சுமார் 2½ அங்குல மரத்தை அறுக்காது விடவேண்டும். கதவுக்குக் கீல் எவ்வாறோ, விழும் மரத்திற்கு இப்பட்டை அவ்வாறே. திசை தப்பாமல் மரத்தைப் பிடித்து இறக்குவது இதுவே. அவசரத்தில் இதையும் அறுத்துவிடுவதே பெரும்பாலான விபத்துக்களுக்குக் காரணம். ரம்பம் ஆழ்ந்ததும் பின்வெட்டில் ஆப்பு அடித்து வந்தால், மரம் பின்னே அமர்ந்து ரம்பத்தைக் கவ்வாது. இயந்திர ரம்பத்தோடு இரும்பு ஆப்பு உதவாது, சங்கிலி கெடும். மர ஆப்பே தக்கது.

முன்னே மிகவும் சாய்ந்த மரம், பின்வெட்டு முடியுமுன் நெடுக்கே பிளந்து மேலெழும்பி வெட்டுவோன் மார்பில் அடிப்பதுண்டு. வெட்டுக்குமேல் சங்கிலியால் இறுகச் சுற்றியே அதைத் தொடவேண்டும்; பழக்கமற்றவர் தொடவே வேண்டாம். விழுந்த மரம் வேறொன்றில் மாட்டி நின்றால், அதன் கீழ்ச் செல்வதும், தாங்கும் மரத்தை வெட்டுவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். அடியில் நீண்ட வடம் கட்டி, தூரத்திலிருந்து டிராக்டரால் பின்னே இழுத்து இறக்கவேண்டும்.

கிளை கழிக்கும்போது, கழிக்கும் கிளை மரத்தின் மறுபுறமிருக்குமாறு நிற்கவேண்டும். தரையில் வளைந்து அழுந்திய கிளை வில்லைப்போல் தெறிக்கும். கட்டையின் இருமுனையும் தாங்கலில் இருந்தால், மேலிருந்து மூன்றிலொரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து முடிக்கவேண்டும். ஒருமுனை அந்தரத்தில் தொங்கினால் முதல் வெட்டு கீழிருந்து. இவ்விதியை மாற்றினால் ரம்பம் சிக்கும், அல்லது கட்டை பிளக்கும். சரிவில் எப்போதும் மேற்புறமே நிற்கவேண்டும். இயந்திர ரம்பத்தின் முனையின் மேற்பாகம் எதிலேனும் பட்டால், அது கையை மீறி முகத்தை நோக்கித் திரும்பும். அதனைத் தோளுக்குமேல் உயர்த்திப் பிடிக்கவே கூடாது.

இனி அளவைப் பற்றி. வியாபாரிகள் கட்டையின் நடுச்சுற்றளவில் நாலிலொரு பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவர். 60 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமுமுள்ள கட்டை இக்கணக்கில் 15.6 கன அடி. உண்மையிலோ ஏறக்குறைய 19.9 கன அடி. கழிவுக்கென்று விடும் வழக்கமான அளவே இதுவாயினும், விலை பேசும்போது விற்பவர் இதை அறிந்திருக்கவேண்டும். இதற்குமேல் பட்டைக்கும் பொந்துக்கும் தனித்தனியே கழிவு கேட்பவரோடு வாதிடலாம்.

புளியின் கருத்த வைரம் சிறியது. உரல், உலக்கை, செக்கு ஆகியவற்றிற்குப் பெயர்பெற்றது. சுற்றியுள்ள வெளிறு அகலமானது, எளிதில் உளுக்கும். பச்சையாயிருக்கும்போதே அறுப்பது நன்று. காய்ந்தால் பற்கள் மழுங்கும். கட்டைமுனைகளில் தார் பூசினால் வெடிப்புக் குறையும். பலகைகளை வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து, நிழலில் 2 அடிக்கொரு குறுக்குச்சட்டமிட்டு, சட்டங்கள் ஒன்றன்மேலொன்று நேராக நிற்குமாறு அடுக்கி, மேலே பாரம் ஏற்றவேண்டும். வெயிலில் போட்ட பலகை முறுகும்.

கிணற்றோரத்து அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பது பெரும்பாலும் தவறு. வேர்களே கரையைப் பிடித்து நிற்கின்றன. தரைமட்டத்திற்கு அறுத்துவிட்டு, துளிர்க்குந்தோறும் கிள்ளிவந்தால் அது தானே மக்கும்.